பீலிக் காக்காவின் ஏற்றாத கண்ணாடி

ஹம்தான், றிஸ்னா, இரண்டு பேரும் இதை ஒன்றாக இருந்து வாசியுங்கள். வாசிக்கும்போது ஒருவர் காலை ஒருவர் மிதிக்கக் கூடாது.

போன கிழமை என்னிடம் இரண்டு கேள்வி கேட்டீர்கள். கல்யாணப் படத்தில் வாப்பா ஏன் யானைக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார் என்பது ஒன்று. நம் காரின் முன் சீட்டை யார் நனைத்தது என்பது மற்றது. முதல் கேள்விக்கு உங்கள் உம்மா சிரித்தார். இரண்டாவதற்கு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனேன். இப்போது எழுதுகிறேன். இரண்டுக்கும் காரணம் ஒரே ஆள்தான். பீலிக் காக்கா.

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் இந்தக் கிழக்குக் கரையில் கார் ஓட்டியவர்களுக்குள், ஆட்களைக் கூரைக்குக் கீழே இருத்தி வைத்து நனைத்தவர் அவர் ஒருவர்தான். மழையில் நடந்து போகிறவன்கூடத் தலையும் தோளும் நனைந்துதான் வீடு சேருவான். பீலிக் காக்காவின் காரில் போகிறவன் பெனியன் வரைக்கும் நனைந்து போய்ச் சேருவான். காருக்குள் குடை விரித்து இருந்த சனம் இந்த உலகத்தில் வேறு எங்காவது உண்டோ தெரியாது. எங்கள் சாய்ந்தமருதில் இருந்தது.

வீட்டுக் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீரைப் பிடித்து ஒரு பக்கமாகக் கீழே விடுகிற பீலி இருக்கிறதல்லவா, அதைக் காருக்குப் பூட்டிய மனிதர் அவர். வயதில் மூத்தவரைக் காக்கா என்றுதானே கூப்பிடுவோம். அப்படிச் சேர்ந்து வந்த பெயர் அது. சொந்தப் பெயர் ஒன்றும் இருந்திருக்கத்தான் வேண்டும். யாரும் தேடிப் பார்க்கவில்லை.

சந்தியில் பேக்கரிக்கு முன்னால், வாடகைக்கு ஓடுகிற அவருடைய ஹயர் கார் நிற்கும். வெள்ளைக் கார் என்று அவர் சொல்வார். ஒரு காலத்தில் அப்படி இருந்திருக்கலாம். கார் பழசாக இருந்தது ஒரு குற்றமில்லை. பழைய கார் எத்தனையோ பேர் வைத்திருந்தார்கள். நாலு கதவிலும் நாலு கண்ணாடி உடையாமல் முழுசாக இருந்தும், ஒன்றைக்கூட மேலே ஏற்றாததுதான் குற்றம். வெயிலுக்கும் ஏற்ற மாட்டார், புழுதிக்கும் ஏற்ற மாட்டார். மாரி பிறந்து, வாடைக் காற்று மழையைத் தூக்கிக் குறுக்கே வீசுகிற நாட்களிலும் ஏற்ற மாட்டார். ஏறுகிறவர்கள் தாங்களாக ஏற்றிவிடுவார்கள் என்று, கண்ணாடி சுற்றுகிற ஹேண்டில் நாலையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு டிக்கிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஏன் என்று கேட்டால் முகத்தை மிகவும் கனமாக்கிக்கொள்வார்.

"ரோட்டால போகக்குள்ள ஒரு மனிசன் ஸலாம் சொல்றான். கண்ணாடி ஏத்தியிரிக்கி. எனக்குக் கேக்கல்ல. அப்ப அவன்ட ஸலாம் எங்க போற? ரோட்டுல கிடக்கிறதா?"

ஸலாம் சொல்வது சுன்னத்து, அதற்குப் பதில் சொல்வது கடமை என்று நீங்கள் மதரஸாவில் படித்திருக்கிறீர்கள். எல்லாரும்தான் படித்தோம். படித்துவிட்டு மழை வந்தால் கண்ணாடியை ஏற்றினோம். இந்த மனிதர் அந்தப் பாடத்தோடு அப்படியே உறைந்து போய்விட்டார்.

நான் அப்போது கல்யாணம் முடிக்காதவன். சந்திக்குப் பக்கத்தில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பள்ளிவாசல் மௌலவி பெயின்ட் வாங்க வந்து நிற்கும்போது பீலிக் காக்காவும் ஓட்டை அடைக்கிற சிலிக்கன் வாங்க வந்தார். இந்தச் சந்தர்ப்பத்தை விடக் கூடாது என்று நான் தொடங்கினேன்.

"மௌலவி, காதுல விழாத ஸலாத்துக்குப் பதில் சொல்லாட்டி குத்தமா?"

"கேக்காட்டி குத்தமில்ல தம்பி."

"கேட்டீங்களா காக்கா? மௌலவியே சொல்லிட்டார். இனிக் கண்ணாடிய ஏத்துங்க."

பீலிக் காக்கா சிலிக்கன் குழாயை மேசையில் வைத்தார். "கேக்காதவனுக்குக் குத்தமில்ல, சரி. கேக்காம இரிக்கிறதுக்கெண்டே கண்ணாடிய ஏத்திக்கிட்டுப் போறவனுக்கு என்ன மௌலவி?"

மௌலவி பெயின்ட் டின்னைக் கையில் எடுத்தார். பிறகு, "தம்பி, இதுக்கு ஒரு பிரஷும் தாங்க" என்றார்.

பீலிக் காக்கா பதில் சொல்கிற விதமும் ஒரு தனிக் கரைச்சல். நாமெல்லாம் போகிற போக்கில் "அலைக்கு முஸ்ஸலாம்" என்று பாதியை விழுங்கிவிட்டுப் போவோம். அவர் வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு என்று கடைசி எழுத்தை முடிக்கும் வரைக்கும் பிரேக்கில் இருந்து காலை எடுக்க மாட்டார். அடுத்த தமிழ் ஊரான காரைதீவுக்குள் நுழைந்தால் அங்கே சனம் வணக்கம் சொல்லும். அதற்கும் அதே பிரேக். "பீலியர் வாறார், சும்மா ஒரு வணக்கம் போட்டுப் பாரு, கார் நிக்கும்" என்று அங்கே தேத்தண்ணிக் கடையில் ஒருவருக்கொருவர் பந்தயம் பிடிப்பார்கள். கார் நிற்கும். பின்னால் வருகிற லொறிக்காரன் ஏசுவான். அந்த ஏச்சுக்கும் இவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் போவார்.

கண்ணாடியை ஏற்றவும் மாட்டார், மழையை உள்ளே விடவும் விருப்பமில்லை. ஆகவே கண்டுபிடிக்கத் தொடங்கினார். பிள்ளைகளே, படிக்காத மனிதன் கண்டுபிடிக்கத் தொடங்கினால் ஊருக்கு வேடிக்கை, காரில் ஏறுகிறவனுக்குத் தடிமனும் தும்மலும்.

முதலில் பொலித்தீன் திரை. உடுப்புக் காயப்போடுகிற கிளிப்பால் ஜன்னலுக்கு மேலே மாட்டினார். அது கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் காற்றில் பறந்து போய், சைக்கிளில் பாண் கொண்டு போன ஒருவருடைய முகத்தில் ஒட்டிக்கொண்டது. மனிதர் பாணோடு ரோட்டோரத்துக் கானுக்குள் விழுந்தார். பீலிக் காக்கா ஓடிப் போய்ப் பொலித்தீனைத் தூக்கினார். அடிபட்டதா என்று கேட்கவில்லை. முதலில் ஸலாம் சொன்னார்.

பிறகு நெல்லுச் சாக்கு. நாலு ஜன்னலுக்கும் நாலு சாக்கு. சாக்கு மழையை உள்ளே விடவில்லை என்பது உண்மைதான். முழுவதையும் தானே குடித்துவிட்டு, வெளியே மழை விட்ட பிறகு உள்ளே பெய்யத் தொடங்கியது. அந்தக் காரில் கல்யாண வீட்டுக்குப் போனவர்கள் எருமை குளித்த மணத்தோடு இறங்கினார்கள்.

கட்டாரிலிருந்து லீவில் வந்த ஒரு தம்பி, இதற்கென்றே செய்து விற்கிற கறுப்புப் பிளாஸ்டிக் தகடுகளைக் கொண்டு வந்து கொடுத்தான். ஜன்னலுக்கு மேல் விளிம்பில் ஒட்டிவிட்டுக் கண்ணாடியை நாலு விரல் இறக்கினால் போதும், காற்று வரும், மழை வராது. உலகம் முழுக்கக் காரில் போகிறவர்கள் அதைத்தான் ஒட்டியிருக்கிறார்கள். பீலிக் காக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதென்ன மனே, காருக்குப் புருவமா?"

"நாலு விரல் இறக்கினா எல்லாச் சத்தமும் கேக்கும் காக்கா."

"நாலு விரலுக்குள்ளால முழு ஸலாமும் வருமா? பாதிதான் வரும். மத்தப் பாதிக்கு நான் என்ன செய்ற?"

அந்தத் தகடுகளைக் கொண்டு போய்த் தன் வீட்டுக் கோழிக் கூட்டு வாசலுக்கு மேலே பூட்டினார். அந்த மாரியில் அவருடைய கோழிகள் ஒன்றும் நனையவில்லை. மனிதர்கள் நனைந்தார்கள்.

கடைசியில்தான் பீலி. நாலு இஞ்ச் பிளாஸ்டிக் பைப் ஒன்றை என் கையாலேயே விற்றேன். என்னத்துக்கு என்று கேட்டிருந்தால் விற்றிருக்க மாட்டேன். அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பக்கமும் கதவுகளுக்கு மேலே, முன் ஜன்னலில் தொடங்கிப் பின் ஜன்னல் வரைக்கும், ரிவெட் அடித்துச் சிலிக்கன் பூசிப் பொருத்தினார். கூரையில் விழுகிற தண்ணீர் பீலியில் விழுந்து பின்பக்கமாக ஓடி ஒரு குழாயால் ரோட்டில் இறங்க வேண்டும். அதுதான் திட்டம். தூரத்தில் பார்த்தால் காருக்கு இரண்டு தும்பிக்கை முளைத்த மாதிரி இருக்கும்.

சோதனை ஓட்டமும் செய்தார். காற்றில்லாமல் நேராகப் பெய்த மழையில், ரோட்டில் ஒரு குருவி இல்லாத நேரம் கல்முனைக்குப் போய்வந்து, சீட்டுகளைத் தடவிப் பார்க்கச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார். சீட் காய்ந்துதான் இருந்தது. "பாத்தயா? ஓடுற காருக்குள்ள மழ ஏறாது. நிண்டாத்தான் ஏறும்" என்றார். நின்றால் ஏறும் என்று கண்டுபிடித்த அதே மனிதர், ஆளுக்கு ஆள் நிற்கிற மனிதர் என்பது அவருக்கும் தோன்றவில்லை, வாய் பிளந்து நின்ற எங்களுக்கும் தோன்றவில்லை.

இனி அந்தச் சட்டைக் கதைக்கு வருகிறேன்.

உங்கள் உம்மாவின் ஊர் பாலமுனை. நம் பக்கம் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போக வேண்டும். நிக்காஹ் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு. காலையிலிருந்து மழை. எனக்கென்று ஒழுங்கு செய்த ஏசிக் கார், அதன் சொந்தக்காரர் வளவுக்குள்ளேயே வெள்ளத்தில் இறங்கி நின்றுவிட்டது. என் சாச்சாமார், சாச்சிமார், மாமிமார் எல்லாரும் ஏசி வேன்களில் ஏறி இருந்துகொண்டார்கள். ஒருவர் இறங்கி எனக்கு இடம் தரலாம். இறங்கினால் நனைய வேண்டுமே. சாச்சியின் பலகாரப் பெட்டிக்கு ஒரு சீட் இருந்தது. மாப்பிள்ளைக்கு இல்லை.

என் கூடப்பிறந்த லாத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், சந்திக்கு ஓடிப் போய் ஒரு காரோடு வந்தார். தூரத்திலேயே அந்த இரண்டு தும்பிக்கைகளும் தெரிந்தன.

"வேற கார் கிடைக்கல்லியா மச்சான்?"

"கிடைச்சிருந்தா இதயா கொண்டு வருவன்?"

பீலிக் காக்கா வெள்ளைச் சாரனும் தொப்பியுமாக இறங்கினார். பீலிகளுக்கு மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார். "முன்னால ஏறுங்க மாப்பிள்ள. ஒரு துளி விழுந்தா என்ட பேர மாத்துங்க" என்றார். நான் கல்முனையில் தைத்த கிரீம் கலர்ச் சேட்டும் கோட்டும் போட்டிருந்தேன். என்னிடம் இருந்த நல்ல உடுப்பு அது ஒன்றுதான். வேன்கள் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டன.

எங்கள் ஒழுங்கை ரோட்டில் ஏறுகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் குடையோடு நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் மாப்பிள்ள!" என்றார். பீலிக் காக்கா பிரேக்கை மிதித்தார். பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்த பீலித் தண்ணீர் முழுவதும் திரும்பி முன்பக்கமாகப் பாய்ந்து வந்து, விளிம்பைத் தாண்டி, திறந்த ஜன்னலுக்குள்ளால் என் தோளில் ஊற்றியது. வாளியால் ஊற்றின மாதிரி. கூடவே ஒரு மல்லிகையும் விழுந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு" என்று நிதானமாகச் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது முதல் தண்ணி. இனி வராது."

ஏன் வராது? பூக்கட்டிய கார். உள்ளே மாப்பிள்ளை. ரோட்டோரத்தில் நின்ற அத்தனை பேரும் ஸலாம் சொன்னார்கள். மழைக்கு ஒதுங்கிக் கடைத் தாழ்வாரங்களில் நிற்கிறவர்களுக்கு வேறு என்ன வேலை? ஒரு ஸலாம், ஒரு பிரேக், ஒரு வாளி. காரைதீவில் வணக்கத்துக்கும் ஒவ்வொரு வாளி. மதம் பார்க்காமல் நனைந்தேன். பின்னால் மச்சான் குடையை விரித்தார். அதன் கம்பி என் காதில் குத்தியது.

"காக்கா, இண்டைக்கு மட்டும் கையக் காட்டிட்டுப் போங்களன். பதில மனசுக்குள்ள சொல்லுங்க."

"மனசுக்குள்ள சொன்னா அவன்ட காதுல விழுமா?"

"அப்ப அந்த ஹேண்டிலத் தாங்க, நான் ஏத்துறன்."

"அது டிக்கிக்குள்ள இரிக்கி. இந்த மழைக்க ஆர் இறங்குற? நனைஞ்சிருவம்."

நிந்தவூர் தாண்டி வயல்வெளி வந்தது. இரண்டு பக்கமும் வெள்ளம், ரோட்டில் ஈ காக்கை இல்லை. இனி ஸலாம் சொல்ல ஆளில்லை என்று எனக்கு உயிர் வந்தது. கோட்டைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தால், தூரத்தில் ஒரு உருவம். தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் பொலித்தீன். நின்றுபோன மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களுக்கு முன்னால் போகிறது. ஹேண்டிலில் இரண்டு பக்கமும் தயிர்ச் சட்டிகள் தொங்குகின்றன. கார்ச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தது.

"நிப்பாட்டாதீங்க காக்கா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

நிப்பாட்டினார். என் மடியில் கடைசி வாளி விழுந்தது. பதில் முழுதாக முடிந்தது. உருவம் ஜன்னலுக்குக் கிட்ட வந்து குனிந்து, பொலித்தீனை விலக்கி என் முகத்தைப் பார்த்தது.

உங்கள் உம்மாவின் வாப்பா. என் மாமா. நிக்காஹ் நேரம் கிட்டி வர, எந்த வேலையையும் மற்றவனிடம் நம்பிக் கொடுக்காத மனிதர், தயிர்க்காரன் வரவில்லை என்று தானே நிந்தவூருக்குப் போய்த் தயிர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளத்தில் மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது.

"மாப்பிள்ளையா?"

"ஓம் மாமா."

"முன்னால போன வேனெல்லாம் உங்கட ஆக்களா?"

"ஓம் மாமா."

"எல்லா வேனுக்கும் ஸலாம் சொன்னன். ஒரு கண்ணாடி இறங்கல்ல. ஒரு வேன் சேத்தயும் அள்ளி மேல அடிச்சிட்டுப் போச்சு. அதுக்குள்ள ஒரு மனிசி பலகாரம் திண்டுக்கிட்டு என்னப் பாத்தா."

அது எந்த மனிசி என்று எனக்குத் தெரியும். நான் கோட்டை இன்னொரு தடவை பிழிந்தேன்.

"தள்ளிக்கிட்டு வரக்குள்ள யோசிச்சிக்கிட்டே வந்தன்" என்றார் மாமா. மழை அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "ஸலாத்துக்குப் பதில் இல்லாத குடும்பத்துக்குள்ள என்ட புள்ளயக் குடுக்கிறதா எண்டு."

பெண்ணின் வாப்பாதான் நிக்காஹ்வுக்கு வலி, பெண்ணுக்குப் பொறுப்பானவர். அவர் என் கையைப் பிடித்துச் சம்மதம் சொல்லாமல் நிக்காஹ் இல்லை. அந்த மனிதர் நடு வயலில், சேற்றோடு, கோபத்தோடு நிற்கிறார்.  

கண்ணாடி ஹேண்டில் எடுக்க மழைக்குள் இறங்க மாட்டேன் என்ற பீலிக் காக்கா, கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். "ஹாஜியார், மழைக்க நிண்டு யோசிச்சா தயிருக்குள்ள தண்ணி போகும். ஏறுங்க. மறுகா யோசிப்பம்" என்றார். மோட்டார் சைக்கிளை வயல் காவலுக்குப் போட்ட ஒரு வாடிக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு, தயிர்ச் சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பின்னால் மச்சானோடு போய் ஒடுங்கினேன். முன் சீட்டில் மாமா. மடியில் தயிர்.

பிள்ளைகளே, அந்த நேரம் நான் ஓதிய அளவுக்கு எந்த றமழானிலும் ஓதியதில்லை. யா அல்லாஹ், ஒலுவில் சனம் முழுவதையும் கொஞ்ச நேரம் வீட்டுக்குள் வைத்திரு.

ஒலுவிலில் ஒரு கடை வாசலில் ஒருவர் நின்றார். "அஸ்ஸலாமு அலைக்கும்!"

பிரேக். பீலி நிரம்பி வந்தது. மாமாவின் தொப்பியில் விழுந்து, தாடியால் இறங்கி, தயிர்ச் சட்டிகளில் கட்டிய கடதாசியில் பொத்தென்று கொட்டியது.

 மச்சான் குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். மாமா மெதுவாகக் கண்ணைத் துடைத்தார். தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். கடை வாசலில் நின்ற மனிதருக்கு, பீலிக் காக்காவையும் முந்திக்கொண்டு, வபரகாத்துஹு வரைக்கும் இழுத்துப் பதில் சொன்னார். பிறகு தலையை உள்ளே எடுத்தார்.

"இந்தப் பீலிய ஆர் பூட்டின?"

"நான்தான் ஹாஜியார்."

"முன் வாய அடைச்சிரிக்கோணும். பிரேக் அடிக்கக்குள்ள முன்னாலதானே வரும்?"

பீலிக் காக்கா ஸ்டியரிங்கைக் கையால் தட்டினார். "சோதின பாக்கக்குள்ள பிரேக் அடிக்கல்ல ஹாஜியார்! ரோட்டுல ஆளில்ல!"

அதற்குப் பிறகு பாலமுனை வரைக்கும் இரண்டு பேரும் பீலிக் கதைதான். இடையிடையே ரோட்டுப் பக்கம் திரும்பி இரட்டைக் குரலில் பதில். தண்ணீர் விழ விழ மாமா சிரித்தார். பின்னால் ஒரு மாப்பிள்ளை இருக்கிறான், அவனுக்கு இன்னும் பெண் உண்டா இல்லையா என்று ஒருவராவது திரும்பிப் பார்த்தாரா? இரண்டு மடையர்கள். உங்கள் மூத்தப்பாவை அப்படிச் சொல்லக் கூடாது. ஒன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீட்டு வாசலில், வழக்கப்படி மாப்பிள்ளையின் கால் கழுவ உம்மாவின் தம்பி, உங்கள் சின்ன மாமா, செம்போடு நின்றார். என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். "வாப்போ, இவர் முழுசாக் கழுவிக்கிட்டுத்தானே வந்திரிக்கார்! நான் எதக் கழுவுற?" வந்திருந்த சனம் முழுக்கச் சிரித்தது. சிரித்த வாயோடு காலைக் கழுவி, அதற்கு நான் கொடுக்க வேண்டிய மோதிரத்தையும் வாங்கிக்கொண்டார்.

காய்ந்த உடுப்பு என்று அந்த வீட்டில் கிடைத்தது மாமாவுடைய சட்டை. மாமாவின் உடம்பு உங்களுக்குத் தெரியும். என்னைப் போல் இன்னொரு மாப்பிள்ளைக்கும் அதற்குள் இடமிருந்தது. அந்தச் சட்டையோடுதான் நிக்காஹ், அந்தச் சட்டையோடுதான் படம். மாமா என் கையைப் பிடித்தபோது இரண்டு பேருடைய விரலும் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தன. சம்மதம் சொல்வதற்கு முன் வேன்காரர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். சாச்சி பலகாரப் பெட்டியை முந்தானைக்குள் மறைத்தார். பிறகு மாமா சொல்ல வேண்டியதைச் சொன்னார். சாப்பாட்டில் தயிர் கொஞ்சம் தண்ணியாக இருந்தது என்று சனம் கதைத்ததாம்.

அதற்குப் பிறகு பீலிக் காக்காவின் வாயைப் பிடிக்க முடியவில்லை. ஊரில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் "என்ட பீலியில்லாட்டி இவன்ட கலியாணம் நடந்திரிக்குமா?" என்று என்னைக் காட்டிச் சொல்வார். முன் வாயை அடைத்தார். அடைத்த பிறகு தண்ணீர் பின் சீட்டில் விழுந்தது. என்னைக் கேட்டால், அவர் வாழ்நாளில் ஒரு துளி மழையை ஒரு காருக்கு வெளியே நிறுத்தியவரில்லை.

இப்போது அவர் கார் ஓட்டுவதில்லை. காதும் கேட்பதில்லை. காற்றும் மழையும் அத்தனை வருடம் அடித்த காது வேறு என்ன ஆகும்? நீங்கள் வகுப்புக்குப் போகிற வழியில், ஒரு வீட்டுக் கேட்டுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, போகிற வருகிற வாகனத்துக்கெல்லாம் வாயை அசைக்கிற ஒரு கிழவரைப் பார்த்து நீங்கள் சிரிப்பீர்களே, அவர்தான். யார் ஸலாம் சொல்கிறார்கள், யார் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாருக்கும் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். லொறிக்கும் சொல்கிறார், மோட்டார் சைக்கிளுக்கும் சொல்கிறார். மீன் ஏற்றிப் போகிற ஐஸ் வண்டிக்கும் சொல்கிறார். இதைவிட ஒரு மடத்தனம் நான் கண்டதில்லை.

நம் கார் சீட் நனைந்த அன்றைக்கு, உங்களை வகுப்புக்குக் கொண்டு போகும்போது மழை அடித்தது. "வாப்பா, கண்ணாடிய இறக்காதீங்க, புத்தகம் நனையும்" என்றீர்கள். இறக்கவில்லை. பீலிக் காக்கா மழைக்கு ஒதுங்கித் தாழ்வாரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவருடைய வாய் அசைந்தது. நீளமாக, கடைசி வரைக்கும் அசைந்தது. நாம் போய்விட்டோம்.

உங்களை இறக்கிவிட்டு நான் தனியாகத் திரும்பி வந்தேன். அவருடைய வீட்டைத் தாண்டிப் போய், சந்தியில் காரைத் திருப்பி, வீடு இடது பக்கம் வருமாறு மெதுவாக வந்தேன். மழை கூடியிருந்தது. கதிரை மட்டும் இருந்தது. ஆள் உள்ளே போய்விட்டார். நான் பிரேக்கை மிதித்தேன். இடப் பக்கக் கண்ணாடியை நாலு விரலோடு நிறுத்தாமல் அடி வரைக்கும் இறக்கினேன். "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு, காக்கா" என்று அந்தக் கதிரைக்குச் சொன்னேன்.

பதில்தான் முன்னமே வந்துவிட்டதே. என்றாலும் கொஞ்ச நேரம் கண்ணாடியை ஏற்றவில்லை.